தென்காசி வட்டாரப் பீடித்தொழிலும் பள்ளி செல்லாக் குழந்தைகளுக்கான விரைவுக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளியில் சேராமலே வயது கடந்த குழந்தைகளுக்கும், சேர்ந்து இடையில் நின்ற குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வியைக் குறுகிய காலத்தில் வழங்கி, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கும் முயற்சிகள் தமிழகத்தில் இணைப்புப் பள்ளி, சிறப்புப் பள்ளி, சிறப்புப் பயிற்சி மையம் எனப் பல பெயர்களில் நடந்துவந்துள்ளன. பீடி சுற்றும் தொழில் பரவிய தென்காசி வட்டாரத்தை மையமாகக் கொண்டு இம்முயற்சிகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கல்வியின் ஆண்டுக்கணக்கைச் சுருக்குவதில் இத்திட்டங்கள் காட்டிய அக்கறையைக் குழந்தையின் ஒரு நாளை யார் ஆள்வது என்னும் வினாவில் காட்டவில்லை என்பதும், வீட்டுக்குள் நடக்கும் தொழிலைச் சட்டம் பார்த்த விதமே இதற்கு முதன்மையான காரணம் என்பதும் இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: தென்காசி, பீடித்தொழில், பள்ளி செல்லாக் குழந்தைகள், விரைவுக் கல்வி, அரைநாள் பள்ளி, குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளி.

முன்னுரை

ஒன்பது வயதில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் குழந்தையை எந்த வகுப்பில் அமர்த்துவது? வயதுக்கு உரிய நான்காம் வகுப்பில் அமர்த்தினால் பாடம் புரியாது. எழுத்தறிவுக்கு உரிய முதல் வகுப்பில் அமர்த்தினால் ஐந்து வயதுக் குழந்தைகளிடையே அது நாணிக் குறுகும். சில வாரங்களில் வராமல் நின்றுவிடும். இந்த எளிய இக்கட்டிலிருந்தே விரைவுக் கல்வி என்னும் கருத்து தோன்றியது. வயதில் மூத்த குழந்தை, மொழித்திறனும் உலக அனுபவமும் உடையதாதலால், ஐந்தாண்டுப் பாடத்தை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் கற்றுவிடும் என்பதே அதன் அடிப்படை நம்பிக்கை.

உலகளவில் இக்கருத்து போரினாலும் இடப்பெயர்வினாலும் கல்வி இழந்த குழந்தைகளை முன்னிட்டு வளர்ந்தது. நெருக்கடிக் காலக் கல்விக்கான பன்னாட்டு அமைப்புகள் கூடி உருவாக்கிய பணிக்குழு, 2017இல் விரைவுக் கல்விக்கான பத்து நெறிகளை வெளியிட்டது. பாடத்தைச் சுருக்கி, முறையான கல்விக்கு இணையான சான்று தருவது விரைவுக் கல்வி. பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் குழந்தையின் குறைகளைக் களைவது குறைதீர் கற்பித்தல். மொழியோ பாடத்திட்டமோ மாறுவதால் எழும் இடைவெளியை நிரப்புவது இணைப்புக் கல்வி. அக்குழு இவற்றை இவ்வாறு வேறுபடுத்துகிறது. தமிழக ஆவணங்களில் இவ்வேறுபாடு பேணப்படவில்லை. மூன்றுக்கும் ‘இணைப்பு’ என்ற ஒரே சொல் ஆளப்படுவதைக் காணலாம். சொல் குழம்பினால் அளவும் குழம்பும் என்பதை ஆய்வாளர் தொடக்கத்திலேயே நினைவில் கொள்வது நன்று.

தென்காசி வட்டாரத்தில் போரும் இல்லை, இடப்பெயர்வும் இல்லை. குழந்தை தன் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. பள்ளியும் பெரும்பாலும் நடக்கும் தொலைவிலேயே இருந்தது. ஆயினும் குழந்தை பள்ளியில் இல்லை. இதுவே இவ்வட்டாரத்தைத் தனித்து ஆராயத் தூண்டும் செய்தியாகும்.

இருவேறு ஆட்சிகளின் கல்வி மரபு

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தொடங்கிவைக்கப்பட்டது. இன்று ஒரே மாவட்டமாக விளங்கும் இந்நிலப்பகுதி, 1956 நவம்பர் 1 வரை இருவேறு ஆட்சிகளின் கீழ் இருந்தது. செங்கோட்டை வட்டம் திருவிதாங்கூரைச் சார்ந்தது. தென்காசி, சங்கரன்கோவில் முதலியன சென்னை மாகாணத்தைச் சார்ந்தவை. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே உள்ள தொலைவு பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவே. அந்தச் சிறிய தொலைவுக்குள் இரண்டு கல்விக் கொள்கைகள் நிலவின.

திருவிதாங்கூரில் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817இல் அறிவித்தார். அவ்வறிவிப்பை மிகைப்படுத்தவும் கூடாது. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவு திறப்பதற்கு, அதன் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தும் அய்யன்காளி போராட வேண்டியிருந்தது. எனினும் கல்வி அரசின் கடமை என்ற கருத்து அங்கு முன்னரே வேரூன்றியது. சென்னை மாகாணப் பகுதியிலோ திண்ணைப் பள்ளிகளும், 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியசின் காலம் தொட்டு வளர்ந்த சர்ச் மிஷன் சங்கப் பள்ளிகளுமே நெடுங்காலம் ஊர்ப்புறக் கல்வியைத் தாங்கின. சுரண்டையும் நல்லூரும் அச்சங்கத்தின் மையங்களாக இருந்தன. 1920ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்வியை அறிமுகப்படுத்த உள்ளாட்சி அமைப்புகளுக்கு வாய்ப்பளித்தது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்துவது அவற்றின் விருப்பத்துக்கே விடப்பட்டது.

ஆகவே 2019க்கு முற்பட்ட தென்காசியை ஆய்வோர் புள்ளிவிவரங்களைத் திருநெல்வேலி மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும். 1956க்கு முற்பட்ட செங்கோட்டையைத் திருவிதாங்கூர் ஆவணங்களில் தேட வேண்டும். இன்றைய மாவட்ட எல்லையைப் பின்னோக்கி நீட்டி எழுதுவது பிழையான ஒப்பீடுகளுக்கு இட்டுச்செல்லும்.

அரைநாள் பள்ளி என்னும் பழைய விடை

உழைக்கும் குழந்தைக்குக் கல்வி தருவது எவ்வாறு என்ற வினாவுக்கு, விரைவுக் கல்விக்கு முன்பே வேறொரு விடை இருந்தது. நாளைப் பங்கிடுவதே அது. பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆலைச் சட்டங்கள் குழந்தையைப் பாதி நாள் ஆலைக்கும் பாதி நாள் பள்ளிக்கும் அனுப்பும் முறையை ஏற்படுத்தின. இந்தியாவில் 1881ஆம் ஆண்டு ஆலைச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை வேலைக்கு அமர்த்தத் தடைவிதித்தது; ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலானோர்க்கு நாளொன்றுக்கு 9 மணி நேர வரம்பு வகுத்தது. 1891இல் கீழ்வரம்பு ஒன்பது வயதாகவும் வேலை நேரம் 7 மணியாகவும் மாறின. 1922இல் அவை முறையே பன்னிரண்டு வயதும் 6 மணியும் ஆயின. சென்னையில் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை தன் அரைநேரச் சிறுவர்களுக்கெனப் பள்ளி நடத்தியது. பொதிகை மலையடிவாரத்துப் பாபநாசத்தில் ஹார்வி நிறுவனத்தார் பஞ்சாலை தொடங்கியதும் இக்காலப் பகுதியிலேயே.

இந்த அரைநாள் சிந்தனை ஆலையோடு முடிந்துவிடவில்லை. 1953இல் இராஜாஜி அரசு ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்திய திட்டம், பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தை பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வித் திட்டம் எனக் கடும் எதிர்ப்புக்கு உள்ளான அது, 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் கைவிடப்பட்டது. சாதி பற்றிய விவாதத்தில் இத்திட்டம் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. நேரம் பற்றிய விவாதத்தில் அத்துணைப் பேசப்படவில்லை. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை இதனோடு இணைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அரைநாள் திட்டம் நண்பகலைப் பள்ளி முடியும் வேளையாகக் கருதியது. மதிய உணவு அதே நண்பகலில் குழந்தையைப் பள்ளியில் நிறுத்தியது. வீட்டுக்குச் சென்று திரும்பாத குழந்தைகள் பிற்பகலிலும் பலகையின் முன் இருந்தனர். உணவுத் திட்டத்தின் கல்விப் பயனை ஊட்டச்சத்தால் மட்டும் அளப்போர் இதனைக் காணத் தவறுகின்றனர். 1982இல் எம்.ஜி.ஆர். அரசு அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தியபோதும் இவ்விளைவு தொடர்ந்தது.

ஆயினும் அரைநாள் சிந்தனை பின்னரும் தலைகாட்டிற்று. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை முறைசாராக் கல்வியை வலியுறுத்தியபோது, வேலைக்குச் செல்லும் குழந்தைக்கு ஏற்ற நேரத்தில் நடக்கும் மையங்கள் தீர்வாகக் கருதப்பட்டன. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஆபத்தான தொழில்களில் குழந்தைகளை அமர்த்திய முதலாளி குழந்தை ஒன்றுக்கு ரூ.20,000 செலுத்த வேண்டும் என்றது. அதே தீர்ப்பு, ஆபத்தற்ற தொழில்களில் குழந்தையின் வேலை நேரம் நான்கு முதல் ஆறு மணிக்கு மிகாமல் இருத்தல் வேண்டும், நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரம் கல்வி கிடைத்தல் வேண்டும் என்றும் கூறியது. சிவகாசியின் குழந்தைகளை முன்னிட்டு எழுந்த வழக்கில், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், விக்டோரியா காலத்து அரைநேரச் சிறுவன் மீண்டும் தோன்றுகிறான்.

இப்போக்கிற்கு நேர்மாறான நிலைப்பாட்டை ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் எம்.வி. அறக்கட்டளை 1990களின் தொடக்கத்திலிருந்து மேற்கொண்டது. பள்ளியில் இல்லாத குழந்தை ஒவ்வொன்றும் குழந்தைத் தொழிலாளியே என்பது சாந்தா சின்ஹா தலைமையிலான அவ்வமைப்பின் கொள்கை. முகாமில் தங்கிப் படிக்கும் குழந்தைக்கு வேலை செய்ய நேரமே இராது. விரைவுக் கல்வி அங்குக் கற்பித்தல் உத்தியாக மட்டும் நில்லாமல், குழந்தையின் நாளை முழுமையாக மீட்கும் கருவியாகவும் அமைந்தது.

பீடித்தட்டு வீட்டுக்குள் வந்த வரலாறு

ஆலங்குளம், கடையம், பாவூர்ச்சத்திரம் வழியாக முக்கூடல், மேலப்பாளையம் வரை பரவிய பீடித்தொழில், தாமிரபரணி, சிற்றாறு ஆகியவற்றை அடுத்த ஊர்களில் பெண்களின் தொழிலாக வளர்ந்தது. கைத்தறி நலிந்த ஊர்களிலும் மானாவாரி நிலத்தை நம்பிய ஊர்களிலும் இதற்கு எளிதில் ஆள் கிடைத்தது. இலையும் தூளும் நூலும் நிறுவனத்தாரோ ஒப்பந்தக்காரரோ தருவர். சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைத்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுவர். இலையை நனைத்து அளவாக வெட்டுதல், தூளிட்டுச் சுற்றுதல், முனையை மடக்குதல், நூல் கட்டுதல், 25 பீடிகளை ஒரு கட்டாக அடுக்குதல் என வேலை பல கூறுகளாகப் பிரியும். சுற்றுவதற்குத் தேர்ந்த கை வேண்டும். முனை மடக்கவும் கட்டுப் போடவும் சிறு விரல்களே போதும். குழந்தை தொழிலுக்குள் நுழைந்தது இந்த இடைவெளியில்தான். தாய் மாலைக்குள் ஆயிரத்தை முடிக்க வேண்டுமானால் மகள் அருகில் அமர வேண்டும். மகனைவிட மகளே பெரிதும் அமர்த்தப்பட்டாள்.

இத்தொழில் எல்லா இடத்திலும் வீட்டுக்குள் நடந்ததில்லை. வடகேரளத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளர் கூடங்களில் வரிசையாக அமர்ந்து சுற்றினர். அவர்களில் ஒருவர் செய்தித்தாளும் நூல்களும் உரக்கப் படிக்க, மற்றவர் அவருக்குரிய பீடியைப் பகிர்ந்து சுற்றித் தந்தனர். 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தொழிற்கூடங்களுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தபோது நிறுவனங்கள் சில கண்ணூரிலிருந்து விலகின. வேலையிழந்தோர் 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவை அமைத்தனர். நாட்டின் பிற பகுதிகளில் அதே சட்டம் எதிர்விளைவைத் தந்தது. கூடத்துக்குக் கட்டுப்பாடு என்றால், கூடமே வேண்டாம் என்று தொழில் வீடுகளுக்குள் சென்றது. அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு தொழிற்கூடத்தில் குழந்தை வேலை செய்வதைத் தடைசெய்தது. ஆனால் தென்காசி வட்டாரத்தின் தொழிற்கூடம் வீட்டுத் தாழ்வாரம். கண்ணூரின் பீடித்தட்டு எழுத்தைத் தன் அருகே அழைத்தது. இங்குள்ள பீடித்தட்டு எழுத்திலிருந்து ஒரு சிறுமியை விலக்கி வைத்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தொழிலின் தன்மையன்று. தொழில் நடந்த இடமே.

விலக்களித்த ஒரு வாக்கியம்

குழந்தைத் தொழிலாளர் (தடுத்தல், முறைப்படுத்துதல்) சட்டம், 1986, பீடி தயாரித்தலைத் தடைசெய்யப்பட்ட செய்முறைகளின் அட்டவணையில் வைத்தது. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு இரண்டு இடங்களுக்கு விலக்களித்தது: உடைமையாளர் தம் குடும்பத்தின் துணையோடு தொழில் நடத்தும் பட்டறை ஒன்று, அரசு நிறுவிய, அல்லது அரசின் உதவியோ ஏற்போ பெற்ற பள்ளி மற்றொன்று. குடும்பமும் பள்ளியும் ஒரே வாக்கியத்தில், ஒரே வகையான பாதுகாப்பான இடங்களாகக் கருதப்பட்டன. ஆலங்குளத்துச் சிறுமிக்கு அவை இரண்டும் ஒன்றையொன்று தள்ளும் இடங்கள்; ஒன்றில் இருந்தால் மற்றொன்றில் இருக்க இயலாது.

இதன் விளைவு கணக்கெடுப்பிலும் வெளிப்பட்டது. குழந்தை வேலை செய்கிறதா என்று கேட்டால் ‘வீட்டில் இருக்கிறாள்’ என்பதே மறுமொழி. பொய்யுரை என்று அதனைத் தள்ளவும் முடியாது. சிவகாசியில் விடியற்காலையில் குழந்தைகளை ஏற்றிச்சென்ற பேருந்துகள் ஆய்வாளரின் கண்ணில் பட்டன. ஸ்மித்து கோத்தாரி 1983இல் எழுதிய கட்டுரையும் அதன் பின்னர் எழுந்த விவாதமும் அந்தக் காணும் தன்மையின் வலிமையால் நாடெங்கும் பரவின. மைரன் வீனர் 1991இல் வெளியிட்ட நூல் இந்தியக் குழந்தை உழைப்பையும் கட்டாயக் கல்வியின்மையையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தது. தென்காசிப் பக்கம் அத்தகைய பேருந்து இல்லை. எனவே சிவகாசியை அடுத்திருந்தும் இவ்வட்டாரம் ஆய்வில் மிகக் குறைவாகவே இடம்பெற்றது.

2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாதென்றது. எனினும் அட்டவணையிலுள்ள ஆபத்தான தொழில்கள் நீங்கலான குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குழந்தை உதவலாம் என்று இசைந்தது. முன்னைய சட்டம் இடத்தைக் கொண்டு வரையறுத்தது; திருத்தம் நேரத்தைக் கொண்டும் வரையறுக்க முயல்கிறது. வீட்டுக்குள் அந்த நேரத்தை யார் கண்காணிப்பது என்பதற்கு விடையில்லை.

சிறப்புப் பள்ளிகள்

1987இல் வகுக்கப்பட்ட தேசியக் குழந்தைத் தொழிலாளர் கொள்கையை அடுத்து, 1988இல் ஒன்பது மாவட்டங்களில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியது. சிவகாசிப் பகுதி அவற்றுள் ஒன்று. பின்னர் விரிவடைந்த அத்திட்டம் திருநெல்வேலி மாவட்டத்திலும் செயல்பட்டது. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட திட்டச் சங்கம் சிறப்புப் பள்ளிகளை நடத்தும். வேலையிலிருந்து மீட்கப்பட்ட 9 முதல் 14 வயது வரையிலான குழந்தைகள் இரண்டு மூன்று ஆண்டுகள் அங்குப் பயில்வர். உணவு, மருத்துவச் சோதனை, தொழிற்பயிற்சி ஆகியனவும் வழங்கப்படும். உதவித்தொகை தொடக்கத்தில் மாதம் ரூ.100 ஆக இருந்து, பின்னர் ரூ.150 ஆகி, 2017இல் ரூ.400 ஆக உயர்த்தப்பட்டது. மதிப்பூதியத்தில் பணிபுரிந்த ஆசிரியர் ஓரறையில் பல நிலைக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். ஒரு குழந்தை எழுத்துக் கூட்டும். அதன் அருகிலேயே மற்றொன்று மூன்றாம் வகுப்புக் கணக்கைப் போடும்.

இப்பள்ளிகளின் கற்பித்தலில் கவனிக்கத்தக்க ஒரு கூறு உண்டு. பீடிக் கட்டுப் போட்ட குழந்தை கணிதம் அறியாத குழந்தையன்று. இருபத்தைந்தாக எண்ணும்; நாற்பது கட்டு ஆயிரம் என்பதை விரல்களே அறியும்; கழிவு போக எத்தனை கணக்கில் ஏறும் என்றும் அதற்குத் தெரியும். அது அறியாதது அந்த எண்ணின் எழுத்து வடிவையே. ஒன்று, இரண்டு என்று தொடங்கும் பாடநூல் அதன் அறிவைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இருபத்தைந்தில் தொடங்கும் ஆசிரியர் ஓராண்டை மிச்சப்படுத்துகிறார். விரைவு என்பது பாடத்தை வெட்டுவதால் மட்டும் வருவதன்று.

எனினும் இரண்டு தடைகள் அமைப்பிலேயே இருந்தன. முதலாவது, பதினான்கு வயது வரம்பு. பதின்மூன்றாம் வயதில் சேரும் சிறுமிக்கு அத்திட்டம் எஞ்சிய ஓராண்டையே தந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, இதனைத் தன் 4ஆம் பிரிவில் எதிர்கொண்டது: வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்படும் குழந்தைக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை உண்டு, பதினான்கைக் கடந்தாலும் தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை அது கட்டணமின்றிப் படிக்கலாம். இரண்டாவது தடை இதனினும் ஆழமானது. சிறப்புப் பள்ளி பகலை மட்டுமே பெற்றது. மாலையில் வீடு திரும்பும் சிறுமியின் முன் தட்டு காத்திருந்தது. மாதம் நூறோ நூற்றைம்பதோ தரும் உதவித்தொகை, அவள் விரல்கள் ஈட்டித் தந்த கூலியை ஈடுசெய்யும் என்று எதிர்பார்ப்பது கணக்கறியாதோர் செயல். ஆங்கு எம்.வி. அறக்கட்டளையின் தங்கும் முகாம் நாள் முழுவதையும் கேட்டது. ஈண்டுச் சிறப்புப் பள்ளி அதன் பாதியைக் கேட்டது. பெயர் மாறினும், ஒருவகையில், அரைநாள் பள்ளியே தொடர்ந்தது.

2021 ஏப்ரல் 1 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலம் அது. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. இடைநின்ற குழந்தைகளைப் பற்றிய கவலை பெருகிய வேளையிலேயே, அவர்களுக்கெனத் தனித்து இயங்கிய பள்ளிகளின் காலம் முடிந்தது.

வேலூரிலிருந்து வந்த வழி

சிறப்புப் பள்ளிகளை முறையான பள்ளிக்கு ஏறும் படியாக மட்டும் கருதுவது வரலாற்றின் ஒரு பாதியே. மறுபாதியில், படி மாளிகையையே மாற்றியமைத்தது. 1990களில் வேலூரில் ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளிகளில் வழக்கமான கற்பித்தல் தோல்வியுறுவதைக் கண்டார். அவர்களிலும் பலர் பீடித்தொழிலில் அடகு வைக்கப்பட்டவர்கள். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான அட்டை வழிக் கற்றல் முறை அங்குத் துணைக்கு வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சியின் பதின்மூன்று பள்ளிகளில் அம்முறை தொடங்கியது. செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2007-08இல் மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

அம்முறையின் கற்றல் ஏணியில் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏறும். பத்து நாள் வராத குழந்தை, வகுப்பு எங்கே சென்றது என்று தேட வேண்டியதில்லை. தான் விட்ட அட்டையிலிருந்து தொடரும். இலை வரத்து மிகுந்த நாள்களில் தட்டின் முன் அமர்ந்து, அது குறைந்த நாளில் பள்ளிக்கு வரும் குழந்தையை மனத்தில் கொண்டால் இவ்வமைப்பின் பொருள் விளங்கும். மூத்த குழந்தை இளைய குழந்தைக்குக் கற்பிப்பதும் இங்குண்டு. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையையும், எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் ஆண்ட்ரு பெல் வளர்த்தெடுத்து 1797இல் நூலாக வெளியிட்ட முறையையும் இது நினைவூட்டும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலையால் பகுத்ததும் இத்தொடர்ச்சியில் வைத்து எண்ணத்தக்கது. பள்ளிக்கு வெளியே நின்ற குழந்தைகளுக்காகத் தேடப்பட்ட முறை பள்ளிக்குள் இருந்த குழந்தைகளுக்கும் பயன்பட்டது. விரைவுக் கல்வி பற்றிய மதிப்பீடுகள் இதனை எந்தத் தலைப்பிலும் வரவு வைப்பதில்லை.

எதைக் கொண்டு அளப்பது

சிறப்புப் பள்ளிகள் பற்றிய அரசு அறிக்கைகள் ‘முறையான பள்ளியில் சேர்க்கப்பட்டோர்’ என்ற ஓர் எண்ணையே வெற்றியின் அளவாகக் கொள்கின்றன. அவ்வெண் ஒரு நாளின் நிகழ்வைக் குறிப்பது. ஆறாம் வகுப்பில் சேர்க்கப்பட்ட சிறுமி ஒன்பதாம் வகுப்பை எட்டினாளா, எட்டியபோதும் மாலையில் எத்தனை கட்டு அடுக்கினாள் என்பதற்கு அங்கு இடமில்லை. இந்த இடத்தை நிரப்ப மூவகைச் சான்றுகளை ஒப்புநோக்கலாம்.

பள்ளி வருகைப் பதிவேடு முதலாவது. அதில் விடுபட்ட நாள்கள் வந்த நாள்களைவிட மிகுதியாகப் பேசும். திங்கட்கிழமையில் வராமையும் கூலி நாளில் வராமையும் வேறுவேறு பொருளுடையவை. இரண்டாவது, பீடித் தொழிலாளரின் பாஸ்புத்தகம். பெற்ற இலை, தூள், ஒப்படைத்த பீடி ஆகியன அதில் பதியப்படுகின்றன. ஒரு தாயின் பாஸ்புத்தகத்தில் பள்ளி விடுமுறையான மே மாதத்தில் ஒப்படைப்பு உயர்ந்து, ஜூன் மாதத்தில் தாழ்ந்தால், அந்த வேறுபாட்டில் கணக்கில் வராத ஒரு குழந்தையின் விரல்களைக் காணலாம். ஜூனிலும் தாழவில்லையெனில் அதன் பொருள் இன்னும் கடுமையானது. பாஸ்புத்தகம் இல்லாதோரும் ஒரே புத்தகத்தில் பலர் சுற்றுவதும் உண்டாதலால் இச்சான்றைத் தனித்து நம்ப இயலாது. இலை வரத்தின் ஏற்றத்தாழ்வையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது சான்று மனிதர்கள். 1990களில் சிறப்புப் பள்ளிகளில் பயின்ற சிறுமியர் இன்று நடுவயதுப் பெண்கள். அவர்களுள் தட்டை விட்டவர் யார், மகளைத் தட்டின் அருகே அமர்த்தாதவர் யார், பகலில் படித்து இரவில் சுற்றிய ஆண்டுகளை எவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்பவற்றை வாய்மொழியாகத் திரட்டினாலன்றி அறிய வழியில்லை. ‘எவ்வளவு படித்தீர்கள்’ என்ற வினாவோடு அந்த நேர்காணல்கள் தொடங்கினால் மறுமொழி ஒரு வகுப்பின் எண்ணாகவே முடியும். பள்ளி விட்டு வந்த மாலையில் முதலில் கையில் எடுத்தது என்ன என்று கேட்பதே பொருத்தமான தொடக்கம்.